கட்டுரையில் பிறந்த தம்பி

ஜூன் 11

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் கால் வீக்கம் இறங்கியதா? குழந்தை பிறக்கும்வரை படுக்கையைவிட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொன்னாராமே, அக்கா கேட்கிறாளா, இல்லை உங்களை ஏய்த்துவிட்டு நடக்கிறாளா?

அணைக்கட்டுக் குவார்ட்டர்ஸில் பேருந்து நிறுத்தத்தில் நின்றால்தான் சிக்னல் என்று அம்மா சொன்னாள். "போன்ல கத்தறதுக்கு நீ ஒரு லெட்டர் போடு" என்று நீங்கள் பேருந்து ஏறும்போது சொன்னது வேடிக்கைக்காகவா என்று தெரியவில்லை. நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். உங்கள் தையல் ஹாலில் நடப்பது ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியும் சீருடைத் தையல் முடியவில்லை. பத்து மெஷினும் காலையிலிருந்து ஓடுகின்றன. உங்களுக்குப் பதிலாக ஹாலைப் பார்த்துக்கொள்ளும் கட்டிங் அக்கா உங்கள் நாற்காலியில் உட்காருவதில்லை. அதன்மேல் துணிக்கட்டை வைத்துவிட்டு, நின்றுகொண்டே வெட்டுகிறார். காதில் சாக்கட்டியைச் செருகிக்கொண்டு, சாக்கட்டியைக் காணோம் என்று எல்லோரையும் திட்டுகிறார். நேற்று புதிதாகச் சேர்ந்தவர் ஒரு கால்சட்டைக்கு இரண்டும் இடது காலாகவே தைத்துவிட்டார். எல்லோரும் பதறியபோது, பொத்தான் துளை போடும் காஜா அக்கா மட்டும் தலை நிமிராமல், "எடுத்து வைங்க. அந்த மாதிரி நடக்கறவங்க ஊர்ல நிறைய இருக்காங்க" என்றார். நாள் முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஹால் மூடியிருந்தால் எனக்குப் பாடம் மண்டையில் ஏறுவதில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் மெஷின் ஓடும்போது படித்தால்தான் ஏறுகிறது.

இன்னொரு செய்தி. நகராட்சி வாசலில் ஊரின் புதிய வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்கள். எந்தத் தெருவில் வீடு, எந்தத் தெருவில் கடை என்று நிறம் பிரித்திருக்கிறார்களாம். அதையொட்டி எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு கட்டுரைப் போட்டி. தலைப்பு, 'நான் வாழ விரும்பும் தெரு'. தமிழ் டீச்சர் என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அக்காவின் வயிற்றில் காது வைத்துக் கேட்டு, குழந்தை என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் பிள்ளை


ஜூன் 22

என் புலவருக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் அக்காவும் நல்லா இருக்கா, நான்தான் அவளைக் காவல் காத்தே இளைச்சுட்டேன். நான் குளிக்கப் போற நேரம் பார்த்து எந்திரிச்சு அலமாரி அடுக்கறா. கேட்டா, "சும்மா படுத்திருந்தா எனக்குக் கிறுக்குப் பிடிக்கும்மா"ங்கறா. உன் லெட்டரைப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு இடது கால் கதைக்குச் சிரிச்ச சிரிப்புல எனக்கே பயமாப் போச்சு.

கட்டிங் அக்காகிட்டச் சொல்லு, நாற்காலி உட்காரத்தான் இருக்கு, நான் ஒண்ணும் அரியணையை விட்டுட்டு வரலைன்னு.

கட்டுரையா? எழுது. எழுதி ஜெயிச்சுட்டு வா. உன்னை விட்டா அந்த ஊர்ல யாரு இருக்கா. ஆனா அந்த வரைபடத்துல நம்ம தெரு என்ன நிறம்னு ஏன் எழுதலை? அதைத்தானே முதல்ல பார்க்கணும். நம்மது வீடும் கடையும் கலந்த தெரு. கீழ பட்டறை, மேல குடித்தனம். பெரியப்பா போன பிறகு நான் கீழ ஹாலைக் கட்டினதே அந்த அனுமதியை நம்பித்தான். நிறம் மாறியிருந்தா உடனே ஆட்சேபணை மனு கொடுக்கச் சொல்லு. நாள் கடந்துச்சுன்னா வாங்க மாட்டாங்க.

குழந்தை ஒண்ணும் சொல்லலை, உதைக்கத்தான் செய்யுது. உன் அம்மா மாதிரி வரும்போல.

பெரியம்மா


ஜூலை 14

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மாதத் தேர்வு இருந்தது. அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அம்மா சொன்னாள், இப்போது எப்படி இருக்கிறது?

வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம். பழைய வரைபடத்தில் நம் தெரு மஞ்சளும் நீலமும் கலந்த கோடுகளாக இருந்தது. புதியதில் வெறும் மஞ்சள். பேருந்து நிலையத்தைச் சுற்றி நீலம். மஞ்சள் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எழுத்தரிடம் கேட்டேன். "வீடு மட்டும்தான்மா. கடை, பட்டறைக்கெல்லாம் உரிமம் புதுப்பிக்க மாட்டோம். ஒரு வருஷம் டைம் கொடுப்போம்" என்றார்.

கட்டிங் அக்காவிடம் அன்றே சொல்லிவிட்டேன். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியில் நகர மண்டபத்தில் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் இருக்கிறது. இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று எழுத்தர் இரண்டு முறை சொன்னார்.

கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. ஒரு அகராதியும் சான்றிதழும் கொடுத்தார்கள். அம்மா சான்றிதழை டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். மற்றபடி அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மழை இன்னும் வரவில்லை. உங்கள் மாடிச் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அக்காவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளை


ஜூலை 22

என் புலவருக்கு,

நாங்க சுகம். அக்காவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறித்தான் இருக்கு, மாத்திரை கொடுத்திருக்காங்க, நீ அதை நினைச்சுக் கவலைப்படாதே.

முதல் பரிசு வாங்கிட்டு, செடிக்குத் தண்ணி ஊத்தின மாதிரி ஒரு வரியில எழுதறே. இந்த அடக்கம் எப்போ வந்துச்சு? நான் இங்க குவார்ட்டர்ஸ் பூராவும் தம்பட்டம் அடிச்சாச்சு. எதிர்வீட்டு இன்ஜினியர் சம்சாரம், "என்ன எழுதினா உங்க தங்கச்சி மக?"ன்னு கேக்கறா. எனக்குத் தெரியலை. வெட்கமா இருந்துச்சு. கட்டுரையை ஒரு பிரதி எடுத்து அனுப்பு. அக்கா படுத்தபடியே சத்தமாப் படிக்கணுமாம், பிள்ளை கேக்கணுமாம்.

மஞ்சள் விஷயத்துக்குத்தான் கணக்குப் போட்டுட்டே இருக்கேன். பேருந்து நிலையத்துப் பக்கம் வாடகைக்கு இடம் பிடிச்சா ஹால் கூலியில பாதி அதுக்கே போயிடும். நான் தாங்கினாலும் அந்தப் பத்துப் பேர் தாங்க மாட்டாங்க. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தா மெஷின் பக்கத்துல உட்கார வச்சுச் சோறு ஊட்டிட்டு மறுபடி தைக்கறவங்க அவங்க. அந்தப் பக்கம் யாரு விடுவா?

கூட்டத்துக்கு நீ போ. யார் யார் நமக்கு எதிராப் பேசறாங்கன்னு கவனிச்சு எழுது. உன் கண்ணுல எதுவும் தப்பாது.

பெரியம்மா


ஆகஸ்ட் 2

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அக்காவும் நீங்களும் நலமா? நீங்கள் சொன்னபடி கூட்டத்துக்குப் போனேன்.

நகர மண்டபத்தில் மின்விசிறிகள் எல்லாம் சுற்றின. காற்று மட்டும் வரவில்லை. நகரமைப்பு அலுவலர் மேடையில் பெரிய வரைபடத்தை மாட்டி, ஒரு குச்சியால் காட்டிக் காட்டிப் பேசினார். நல்லவர் மாதிரித்தான் இருந்தார். யாராவது பேச எழுந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். நான் கட்டிங் அக்காவுக்கும் காஜா அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

நம் தெருவில் நேராக எதிர்த்துப் பேசியவர் ஒருவர்தான், முனை வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார். லாரி வந்து துணிக்கட்டு இறக்கும்போது தன் காரை எடுக்க முடியவில்லை என்றார். "வாரத்துக்கு ஒரு தடவை வர்ற லாரி. உங்க கார் வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய வரும். ரெண்டும் அன்னிக்குத்தானா சந்திக்குது?" என்று கட்டிங் அக்கா கேட்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. தாசில்தார் உட்கார்ந்துவிட்டார். அதுவரை எல்லாம் நம் பக்கம்தான் இருந்தது.

அப்புறம் அலுவலர், "பெரியவங்க பேசறதைக் கேட்டாச்சு. இந்தத் தெருவுல வளர்ற ஒரு மாணவி என்ன நினைக்கிறாள்னும் கேளுங்க" என்று ஒரு கட்டுரையை வாசித்தார். பெயரைச் சொல்லவில்லை. நினைவில் இருப்பதை எழுதுகிறேன்:

'மாலை நேரம். என் ஆறு மாதத் தம்பி இப்போதுதான் கண்ணயர்ந்தான். அருகிலுள்ள தையல் கூடத்தில் இயந்திரங்கள் உறுமத் தொடங்குகின்றன. தம்பி வீறிட்டு எழுகிறான். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தம் எட்டாத ஒரு மூலையைத் தேடி அறை அறையாக நடக்கிறாள். நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறக்கிறேன். எழுத்துகள் நடுங்குகின்றன. வீடு வீடாக மட்டும் இருக்கும் ஒரு தெருவில் என் தம்பி உறங்க வேண்டும்.'

வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

கட்டிங் அக்கா அதற்குப் பிறகு பேச எழவில்லை. என் பக்கம் திரும்பி, "பாவம்டா, யார் வீட்டுப் பிள்ளையோ. நாம பாட்டுக்கு ஓட்டிட்டு இருக்கோம், ஒரு பச்சைக் குழந்தை தூங்க முடியாமக் கெடந்திருக்கு. நமக்கும் பிள்ளைங்க இருக்கே" என்றார். மறுநாளிலிருந்து மாலை ஐந்திலிருந்து ஏழு வரை மெஷினை நிறுத்திவிடுகிறார். மெஷின் கால்களுக்கு அடியில் பழைய டயரை வெட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு துணிக்கும் கூலி என்பதால் இரண்டு மணி நேரம் போனால் எல்லோருக்கும் நஷ்டம்தான். காஜா அக்கா மட்டும், "குழந்தை தூங்கட்டும். நம்ம பிள்ளைங்கதான் பசியில தூங்காது" என்றார்.

செப்டம்பரில் இன்னொரு கூட்டம். அதற்குப் பிறகுதான் முடிவு.

என் கட்டுரையின் பிரதி இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை.

உங்கள் பிள்ளை


ஆகஸ்ட் 10

என் புலவருக்கு,

நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். லெட்டரை நாலு தடவை படிச்சேன்.

அந்தக் கட்டுரையை எழுதின பிள்ளை யாருன்னு கண்டுபிடி. திட்டறதுக்கு இல்லை. என்னால ஒரு குழந்தை தூங்கலைன்னா நான் என்ன பொம்பளை? சுவர் கட்டணும்னா கட்டறேன், ஜன்னலை அடைக்கணும்னா அடைக்கறேன். எனக்கு என்ன தோணுதுன்னா, அது பின்வீட்டுப் பொண்ணாத்தான் இருக்கும். அவங்க வீட்லதான் கைக்குழந்தை இருக்கு. அந்தப் பொண்ணும் நான் மாடிக்கு வந்தா ஜன்னலைச் சாத்திக்கும். கட்டிங் அக்காவுக்கும் இன்னிக்கே ஒரு லெட்டர் போடறேன், போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வரச் சொல்லி. நேராவே கேட்டுருக்கலாமே அந்தப் பொண்ணு. ஊரைக் கூட்டி வச்சுப் படிக்க விட்டிருக்க வேண்டாம்.

நீயும் கூடப் போ. உன் வயசுப் பொண்ணுதானே, உங்கிட்டப் பேசும்.

அக்கா உன் கட்டுரையைக் கேட்டுட்டே இருக்கா.

பெரியம்மா


செப்டம்பர் 9

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அக்காவுக்கு இது ஒன்பதாவது மாதம். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கட்டுரையை எழுதியது நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத ஒரு மாதம் ஆயிற்று. எனக்குத் தம்பி இல்லை. காதில் பஞ்சு வைத்ததில்லை. எழுத்துகள் ஒருநாளும் நடுங்கியதில்லை. அம்மா எந்த அறைக்கும் யாரையும் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை. மெஷின் சத்தம் எனக்குப் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் நான் வேறு கட்டுரைதான் எழுதினேன். அதில் ஹால் இருந்தது, கட்டிங் அக்காவின் சாக்கட்டி இருந்தது. வீடும் வேலையும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் தெருதான் எனக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தேன். தமிழ் டீச்சர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா மனசை உலுக்கலையே" என்றார். அவர்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அவர் உலுக்கச் சொன்னார், தம்பியைக் கேட்கவில்லை. அவனை நானாகவே பிறக்க வைத்தேன். வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். 'தம்பி வீறிட்டு எழுகிறான்' என்று எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. அதைப் பார்த்து, இது நல்ல கட்டுரை என்று முடிவு செய்துவிட்டேன். நம் தெரு மஞ்சளாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கூட்டத்தைப் பற்றி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள் என்று எழுதினேன். நானும் தட்டினேன். கட்டிங் அக்காவுக்கும் காஜா அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு தட்டினேன்.

நீங்கள் எழுதியபடி கட்டிங் அக்கா பின்வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எந்தக் கட்டுரையும் எழுதலையே" என்றாள். கட்டிங் அக்கா, "பயப்படாதேம்மா, எழுதினதுல தப்பில்லை" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவள் என்னையே பார்த்தாள். அவள் என் பள்ளிதான். முதல் பரிசு யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் கட்டிங் அக்கா, "அழுத்தக்காரப் பொண்ணு, ஒத்துக்கவே மாட்டேங்குது" என்றார்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "விடு. இப்போ யாருக்குத் தெரியும்? உங்க பெரியம்மா தாங்க மாட்டா" என்றாள். ஆனால் காலையில் டிவிக்கு மேலே சான்றிதழ் இல்லை. அம்மா எங்கே வைத்தாள் என்று நானும் கேட்கவில்லை.

இருபதாம் தேதி அடுத்த கூட்டம். அதில் நானே எழுந்து சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளை என்று எழுதலாமா தெரியவில்லை.


அக்டோபர் 4

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அக்காவுக்குப் பெண் குழந்தை என்று அம்மா சொன்னாள். நீங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து பேசினீர்களாம். நான் பள்ளியில் இருந்தேன். தாயும் சேயும் நலம் என்று கேட்டு நிம்மதி அடைந்தேன். உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. எனவே நானே எழுதுகிறேன். கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கூட்டம் தொடங்குவதற்கு முன் அலுவலரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "எல்லாப் பிள்ளைங்களும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதும். அது கட்டுரைதானே, விடும்மா" என்றார். "நீங்க வாசிச்சுக் காட்டினீங்களே, சார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "சரி, வந்து பேசு. பெயரும் முகவரியும் சொல்லிப் பேசணும்" என்றார்.

மேடைக்குக் கீழே ஒரு மைக். என் உயரத்துக்கு இறக்க முடியாமல் ஒருவர் அதோடு போராடிக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெயரையும் முகவரியையும் சொன்னேன். போன கூட்டத்தில் வாசித்த கட்டுரை என்னுடையது, அதில் இருப்பது பொய், எனக்குத் தம்பி கிடையாது, பக்கத்துத் தையல் கூடத்தால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றேன். நான்கே வாக்கியம். அழகாக ஒன்றும் இல்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்போ அந்தத் தம்பியை யாரும்மா தூங்க வைக்கிறது?" என்றார்கள். மண்டபமே சிரித்தது. தாசில்தார் எழுந்து, "இப்போ யாரோ மிரட்டிப் பேச வைக்கிறாங்க. முதல்ல சொன்னதுதான் உண்மை" என்றார். இல்லை என்று நான் சொன்னதை எத்தனை பேர் நம்பினார்கள் என்று தெரியவில்லை.

கட்டிங் அக்கா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் ஐந்து மணிக்கு மெஷின்கள் நிற்கவில்லை. ஏழு வரைக்கும் ஓடின. டயர்த் துண்டுகளை வாசலில் எறிந்திருந்தார்கள்.

அகராதியைத் தலைமையாசிரியையிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "பரிசு கொடுத்ததா ரெஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. திருப்பி வாங்கினதை எந்தப் பக்கத்துல எழுதறது?" என்று என்னையே கேட்டார்.

நேற்று முடிவை ஒட்டினார்கள். தெரு மஞ்சள்தான். ஆனால் வீட்டுக்காரரே நடத்தும் சிறு தொழில் மட்டும் இருக்கலாம், ஆறு மெஷின் வரைக்கும். உங்களிடம் இருப்பது பத்து. என் கட்டுரை இல்லாமல் இருந்திருந்தால் பத்தையும் விட்டிருப்பார்களா என்று அலுவலரிடம் கேட்டேன். "தெரியலைம்மா. எனக்கே தெரியலை" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட இதைவிட மேல்.

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டுப் பக்கம் குளிர் தொடங்கியிருக்கும்.

உங்கள் தங்கை மகள்


அக்டோபர் 13

உன் ரெண்டு லெட்டரும் வந்துச்சு.

குழந்தை நல்லா இருக்கு. அக்காவுக்குத் தையல் போட்ட இடம் ஆறிட்டு வருது. முதல் லெட்டர் வந்த அன்னிக்குத்தான் அவளுக்கு வலி எடுத்துச்சு. அதனாலதான் பதில் போடலைன்னு நினைக்காதே. எழுத நேரம் இருந்துச்சு.

யாரு எழுதினதுன்னு கண்டுபிடி, திட்ட மாட்டேன்னு எழுதியிருந்தேன். அது வேற யாரோ வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சு எழுதினது.

உன் அக்கா இன்னும் கட்டுரையைக் கேக்கறா. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கேன். இந்த வயசுல எனக்கும் ஒரு பொய்.

மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கிளம்பி வரேன். மாப்பிள்ளையோட அம்மா நாலு நாளைக்கு இங்க இருக்கறதாச் சொல்லியிருக்காங்க. நாலு மெஷினை எடுக்கணும். யாரை நிறுத்தறதுன்னு நான்தான் சொல்லணும், கட்டிங் அக்கா வாயால சொல்ல வைக்க மாட்டேன். நான் சொல்லும்போது நீ ஹால்ல என் பக்கத்துல நிக்கணும். ஒண்ணும் பேச வேண்டாம். நிக்கணும்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிடு.

பெரியம்மா


நவம்பர் 5

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? குழந்தை உங்களை அடையாளம் கண்டுகொண்டதா? நான்கு நாளில் மறந்திருக்காது என்று அம்மா சொல்கிறாள்.

அன்று ஹாலில் நீங்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னபோது என் பக்கம் திரும்பவே இல்லை. நான் நின்றேன். முதல் மூன்று பேரும் அழுதார்கள். பொத்தான் துளைக்கு இனி வெளியே கொடுத்துவிடலாம் என்று சொல்லிக் கடைசியில் காஜா அக்காவை நிறுத்தியபோது, அவர் அழவில்லை. கையில் இருந்த சட்டையை முடித்து, நூலைக் கத்தரித்து, மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தார். நீங்கள் இருந்தீர்கள், உங்களுக்கே தெரியும். நீங்கள் பேருந்து ஏறிய பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று மாலை காஜா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தாள். அவர் உட்காரவில்லை. "பைபாஸ் பக்கத்துல கார்மெண்ட்ஸ் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. விண்ணப்பம் எழுதணும். நீ நல்லா எழுதுவியாமே" என்றார். குத்திக்காட்டுகிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரவே எழுதினேன். ஹாலில் ஆறு வருட அனுபவம் என்று எழுதினேன். என் பள்ளிச் சட்டைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அவர் போட்ட காஜாதான். மூன்று வருடம் துவைத்தும் ஒரு நூல் பிரியவில்லை. அதையும் எழுதினேன். எதையும் கூட்டவில்லை.

இன்று வந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆறு வருஷத்தை எட்டாக்கிடு. எட்டு இருந்தாத்தான் எடுக்கறாங்களாம்" என்றார்.

"இனிமே இல்லாததை எழுதறதில்லைன்னு இருக்கேன்க்கா" என்றேன். சொல்லும்போது அது எனக்கே பெருமையாகக்கூட இருந்தது, பெரியம்மா. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

காஜா அக்கா காகிதத்தை மேசைமேல் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. நூல் கேட்பதுபோலத்தான் சொன்னார்.

"உன் பரிசுக்கு ஒரு தம்பியே வந்தான். என் வேலைக்கு ரெண்டு வருஷம் வரக் கூடாதா?"

நாளைக் காலை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காகிதம் என் முன்னால் இருக்கிறது. ஆறு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். மாற்றினாலும் வெட்கமாக இருக்கிறது, மாற்றாவிட்டாலும் வெட்கமாக இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து, நீங்கள் பதில் போட்டு, அது இங்கே வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

அவர் காலையிலேயே வந்துவிடுவார்.

அக்காவையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை மகள்